புதுப் பயங்கரவாதச் சட்டமூலம் பழசைவிட நல்லமெண்டால் ஏன் எதிர்க்கவேணும்?

வடமராட்சிப் பிள்ளை (2023 ஏப்ரல் 9)

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாதம் இலங்கை அரச வர்த்தமானியிலை வந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலத்துக்கு எதிரா எங்கட சனசமூக நிலையத்திலை கையெழுத்து வாங்கினம். நான் இன்னும் வைக்கேல்லை. அம்மா விடாதது ஒரு காரணம். மாமாவை 2008இலை பிடிச்சு, மூண்டரை வருஷம் உள்ளுக்கை வைச்சிட்டு, வழக்கில்லாமல் விட்டவை. அதுக்குப் பிறகு சமுர்த்தி எண்ட அரச உதவிப் படிவத்திலை கையெழுத்து வைக்கவும் அம்மா ரெண்டுதரம் யோசிப்பா.

மற்றக் காரணம், நான் சட்டமூலத்தை வாசிச்சன். இப்ப இருக்கிற 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலை பொலிசிட்டைக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியமாகும். புதிசிலை அது இல்லை. இது முன்னேற்றம்தானே? இதை எதிர்த்து நிப்பாட்டினால் பழசுதானே மிஞ்சும்? நான் பிழையா விளங்கினனோ தெரியாது, ஆராவது சொல்லுங்கோ.

இளைப்பாறிய முதலியார்

பிள்ளை, நீங்கள் விளங்கினது சரி. அந்த ஒரு விசயத்திலை புதுசு நல்லது. அதை மறைச்சுக் கதைக்கிறவையோட எனக்கு உடன்பாடில்லை.

நான் 26 வருஷம் நீதிமன்ற முதலியார். (நிலபுலம் உள்ள முதலியார் இல்லை. தமிழிலை சொல்லுறதைச் சிங்களத்திலையும், சிங்களத்திலை சொல்லுறதைத் தமிழிலையும் சொல்லுற உத்தியோகம்.) ஒரு வழக்கிலை, கூண்டிலை நிண்ட பெடியனுக்கு அவன்ர வாக்குமூலத்தை நான்தான் முதன்முதல் தமிழிலை வாசிச்சன். ஏழு பக்கம், முழுக்கச் சிங்களத் தட்டச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழை அவன்ர கையெழுத்து. 'இரண்டு பேருக்குப் பார்சல்கள் கொடுத்தேன்' எண்டு ஒரு வரி. அதை வாசிக்கேக்கை பெடியன் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "ஐயா, அது சோத்துப் பார்சல்" எண்டான். மெதுவாத்தான் சொன்னான், எனக்கு மட்டும் கேட்டது. முதலியாருக்குத் தன்ர பாட்டிலை வாய் திறக்க உரிமையில்லை. அவன்ர சட்டத்தரணியைப் பார்த்தன், அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வரிக்குப் போனன்.

இது என்ர கதை மட்டுமெண்டு நினைக்காதேங்கோ. மட்டக்களப்புப் பக்கத்து நல்லரத்தினம் சிங்கராசாவை 1993இலை பிடிச்சவை. விசாரணையை மொழிபெயர்த்தது ஒரு பொலிஸ்காரர். வாக்குமூலம் சிங்களத்திலை, கீழை சிங்கராசாவின்ர பெருவிரல் அடையாளம். அந்தத் தாளை வைச்சே 1995இலை 50 வருஷம் தீர்ப்பு. மேன்முறையீட்டிலை 35 ஆச்சுது. வாக்குமூலம் தானாகக் குடுத்ததில்லை எண்டு நிரூபிக்கிற பொறுப்பும் அவர் தலையிலைதான். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இலை இது பிழையெண்டு சொல்லியும் உயர் நீதிமன்றம் 2006இலை அவர்ர விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டுது. அதாலை வாக்குமூலப் பிரிவு போறதிலை என்னைவிடச் சந்தோசப்படுற ஆள் இருக்காது.

ஆனால் மற்றப் பக்கங்களையும் பாருங்கோ. பழைய சட்டத்திலை தடுப்புக்காவலுக்கு ஒரு அமைச்சர் ஒப்பம் வைக்கவேணும். புதிசிலை பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருத்தர் வைச்சால் காணும். பிடிக்கிறதும் அவை, அடைக்கச் சொல்லுறதும் அவை. பயங்கரவாதம் எண்டால் என்ன எண்ட வரைவிலக்கணத்தையும் பாருங்கோ: அரசாங்கத்தை ஒரு காரியம் செய்யவைக்கிற நோக்கம், அத்தியாவசிய சேவைக்குப் பாரிய இடையூறு. போன மாதம் 15ஆம் திகதி வைத்தியர்மார், ஆசிரியர்மார், வங்கிக்காரர் எல்லாரும் வேலைநிறுத்தம் செய்தவை. அதுக்கு இந்த ரெண்டு வரியையும் ஒட்டிப்பாருங்கோ. மனமிருக்கிற அதிகாரிக்கு அது பொருந்தும்.

பழசு மிஞ்சும் எண்ட பயம் நியாயம். ஆனால் அந்தப் பழசின்ர பேர் என்ன? பயங்கரவாதத் தடை 'தற்காலிக ஏற்பாடுகள்' சட்டம். மூண்டு வருஷத்துக்கெண்டு கொண்டுவந்து 1982இலை நிரந்தரமாக்கினவை. 44 வருஷமாத் தற்காலிகம். பழசை எடு, பதிலுக்கு ஒண்டும் வேண்டாம் எண்டு கேக்கலாம். ரெண்டிலை ஒண்டைத் தெரிவு செய் எண்டு அவை சொன்னால் நாங்கள் தெரிவு செய்யவேணுமோ?

கல்லடிப் பாலம்

ஒண்டும் வேண்டாம் எண்டு லேசாச் சொல்லிற்றீங்க ஐயா. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிச்ச அண்டைக்கு மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்கு ரெண்டு தெரு தள்ளி நான் இருந்தன். பிள்ளைகள் செத்த இடம் அது. சட்டமில்லாமல் எப்பிடி?

இளைப்பாறிய முதலியார்

உங்கட கோபத்தைக் குறை சொல்லமாட்டன். ஆனால் அண்டைக்கும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் முழுப்பலத்தோட இருந்தது. ஏப்ரல் ஆரம்பத்திலேயே இந்தியாவிலை இருந்து எச்சரிக்கை வந்தது. இந்த வருஷம் ஜனவரி 12 உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் பாருங்கோ. தகவல் இருந்தும் தடுக்கேல்லை எண்டுதான் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அதிகாரம் குறைஞ்சதாலை வந்த வினை இல்லை அது.

சிலாவத்துறைக் காரன்

அந்தக் குண்டுக்குப் பொறகு ஆரைப் புடிச்சாங்க எண்டு நான் சொல்றன். மன்னார்ப் பக்கத்துக் கவிஞர், வாத்தியார் அஹ்னாப் ஜஸீம். 2020 மே மாசம் புடிச்சாங்க. காரணம் 2017இல வந்த தமிழ்க் கவிதைப் புத்தகம். தீவிரவாதத்துக்கு எதிரான கவிதையும் அதுல இரிக்கி! 2021 டிசம்பர்லதான் பிணை. முதலியார் ஐயாட பார்சல் கதைய வாசிச்சதும் எனக்கு அந்தப் புள்ளதான் ஞாபகம்.

சட்டபீடம் மூன்றாம் வருடம்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் அரசியலமைப்பில், சபாநாயகர் சான்றுரைத்த பிறகு எந்த நீதிமன்றத்திலும் ஒரு சட்டத்தைக் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். எந்தப் பிரஜையும் போகலாம். "வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருக்க இயலாது.

தெற்கிலும் இப்போது கேட்கிறார்கள். மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை 2022 ஆகஸ்டில் இதே பழைய சட்டத்தில் அடைத்து, இந்த ஜனவரி 31இல்தான் நீதவான் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். என்னோடு படிக்கும் சிங்கள நண்பர்கள் அதற்கு முன் சட்டத்தின் பெயரைக்கூட முழுதாகச் சொல்லமாட்டார்கள்.

வடமராட்சிப் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. ஒரு கிழமை எண்ட விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. முதலியார் ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். சோத்துப் பார்சலோட நிப்பாட்டச் சொல்லிப்போட்டுக் குசினிக்குப் போயிட்டா. பின்னேரம் தானா வந்து, அந்தத் தாளிலை அடையாள அட்டை நம்பரும் எழுதவேணுமோ எண்டு கேட்டா. வேணுமோ ஐயா?

இளைப்பாறிய முதலியார்

எங்கட ஊர்த் தாளிலை பேர், ஊர், கையெழுத்து மட்டும்தான் பிள்ளை. நம்பர் கேக்கேல்லை. அம்மாவிட்டைச் சொல்லுங்கோ, தாள் முழுக்கத் தமிழிலைதான் இருக்கு.