ஆர்டிஎக்ஸ் 3060 ஓவர்கிளொக்: மூணாவது ஓட்டத்தில ஸ்கோர் விழுறது ஏன்?

வாவிக்கரை (கல்லடி):
கிராபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ரெண்டு ஃபேன். பவர் சப்ளை 550 வாட். ஏசி இல்லாத அறை, கச்சான் அடிக்கிற நேரம், பின்னேரம் அறையே 34 பாகையில நிக்குது. வேகத்தைக் கூட்ட (ஓவர்கிளொக்) ஆஃப்டர்பர்னர் சொஃப்ட்வெயாரில கோர் +150, மெமறி +1300 மெகாஹேர்ட்ஸ், பவர் லிமிட் கடைசிமட்டும். டைம் ஸ்பை எண்ட வேகச் சோதனையில கிராபிக்ஸ் ஸ்கோர் முதல் ஓட்டம் 9,010, மூணாவது 8,640. ஒண்டும் தொடாம விட்டா 8,700 வருது. படத்தில புள்ளியும் இல்ல, கோடும் இல்ல, கிராஷும் இல்ல. கார்ட் பழுதாகுதோ?

கல்முனை_வோல்ட்:
பழுது இல்ல. ரெண்டு காரணம் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு, பிரிச்சுப் பாக்கணும்.

முதல் வெக்கை. 83 பாகையைத் தொட்டாத்தான் கிளொக் (சிப் ஓடுற வேகம்) இறங்கும் எண்டு நினைக்கிறது பிழை. என்விடியாவின்ட ஜிபியு பூஸ்ட் (கிளொக்கைத் தானா ஏத்தி இறக்குற வசதி) அதுக்கு எவ்வளவோ முன்னமே, சூடு ஏற ஏற 15 மெகாஹேர்ட்ஸ் படியா இறக்கிக்கொண்டு வரும். உங்கட முதல் ஓட்டம் குளிர்ந்த கார்டின்ட ஓட்டம், அதைக் கணக்கில எடுக்காதீங்க. பத்து நிமிசம் சூடாக்கிப்போட்டு மூணு தரம் ஓட்டி, நடுப் பெறுமதியை எழுதுங்க. பக்கத்தில அறைச் சூட்டையும் எழுதுங்க. விடிய 27 பாகையில எடுத்த ஸ்கோரைப் பின்னேரத்து ஸ்கோரோட ஒப்பிட ஏலாது.

ரெண்டாவது மெமறி. ஆஃப்டர்பர்னர் 7,500 எண்டு காட்டுறது உண்மையில 15 ஜிகாபிட் வேகம். 192 பிட் பாதையில செக்கனுக்கு 360 ஜிகாபைட். +1300 எண்டா 17.6 ஜிகாபிட். 15க்குத் தரம் பிரிச்ச சிப்புக்கு அது கூட. எல்லைக்குக் கிட்ட பிழைபட்ட தரவைத் திரும்ப அனுப்பவே நேரம் போகும். படம் கெடாது, ஸ்கோர் மட்டும் இறங்கும். அதாலதான் கிராஷ் இல்லாததை வெச்சு ஸ்டேபிள் எண்டு சொல்லேலாது. கோரை 0ல விட்டு, மெமறியை +500ல தொடங்கி நூறு நூறா ஏத்துங்க. ஸ்கோர் ஏறாம நிக்கிற இடத்தில இருந்து 150 பின்னுக்கு வாங்க.

அக்கரை_காக்கா:
மேல சொன்னது சரி. ஆனா நம்மட பக்கத்து வெக்கைக்குக் கோரில +150 போடுறதை விட அண்டர்வோல்ட் (வோல்ட்டேஜைக் குறைக்கிறது) நல்லம். இந்தக் கார்டின்ட கணக்கு 170 வாட். அந்த எல்லையில முட்டிக்கொண்டு நிக்கிற கார்டுக்கு வோல்ட்டேஜைக் குறைச்சாத்தான் கிளொக் நிலையா நிக்கும்.

கோர் சிலைடரை −200க்கு இழுத்து அப்ளை பண்ணுங்க. கண்ட்ரோலோட எஃப் அமத்தினா எந்த வோல்ட்டேஜுக்கு எந்தக் கிளொக் எண்டு காட்டுற வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1,875 மெகாஹேர்ட்ஸுக்குத் தூக்கித் திரும்ப அப்ளை. அதுக்கு வலப்பக்கம் கோடு தட்டையாகணும். ஆகாட்டி −200 பதியல்ல எண்டு அர்த்தம். கிராஷ் ஆனா 1,860, மறுகா 1,845. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில சிஸ்டம் பக்கத்தில 4101 எண்டு கிடந்தா டிரைவர் விழுந்து எழும்பியிருக்கு. திரை ஒரு செக்கன் கறுத்துத் திரும்பினதை ஆக்கள் கவனிக்கிறதில்ல, அந்தப் பதிவு மறைக்காது.

இன்னொண்டு. வெறும் ஓஃப்செட் (+150 மாதிரிக் கூட்டல்) போட்ட கார்ட் டைம் ஸ்பையில நிண்டு, லேசான கேமில விழும். லேசான கேமில வாட் எல்லை தொடாது, கிளொக் வளைகோட்டின்ட உச்சிக்கே ஏறிரும். பழைய கேம் ஒண்டையும் அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்க. விண்டோஸ் தொடங்கக்குள்ளயே செட்டிங் ஏறுற பொத்தானை அதுவரைக்கும் அமத்த வேணாம்.

தோணா:
கல்லடி எண்டா கடல்காத்து. உப்பு ஈரத்தோட தூசு சேர்ந்தா ஹீட்சிங்க் தகட்டு இடுக்கில பசை மாதிரி ஒட்டும், ஊதினாப் போகாது. கார்டைக் கழட்டி, காய்ந்த மெல்லிய பிரஷால தட்டிப்போட்டு ஊதுங்க. ஊதக்குள்ள ஃபேனை விரலால பிடிங்க, இல்லாட்டி அளவுக்கு மிஞ்சிச் சுத்திப் பெயரிங் போயிரும். கேஸிங் பக்கக் கதவைக் கழட்டி ஒருக்கா ஓட்டுங்க. 5 பாகைக்கு மேல இறங்கினாக் குறை கார்டில இல்ல, காத்து வாற வழியில.

ஹொட்ஸ்பொட்டுக்கும் (சிப்பில ஆகச் சூடான இடம்) ஜிபியு சூட்டுக்கும் 20 பாகைக்கு மேல வித்தியாசம் எண்டா, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில பூசுற பேஸ்ட் மாத்தணும். நாலு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. மெமறிக்கு மேல கிடக்கிற, சூடு கடத்துற பேட் கிழியாட்டி அதையே வைங்க. தடிப்புக் கூடின பேட் போட்டா ஹீட்சிங்க் ஜிபியுவில இருந்து தூக்கி நிக்கும், பேஸ்ட் மாத்தியும் பிரயோசனம் இல்ல.

வாவிக்கரை (கல்லடி):
மெமறி +900க்கு மேல ஸ்கோர் ஏறல்ல, +750ல விட்டாச்சு. 900 மில்லிவோல்ட்டில 1,875 விழுந்தது, 4101 கிடந்தது; 1,860 நிக்குது. மூணு ஓட்டம்: 8,880, 8,870, 8,870. அறை 33, கார்ட் 71, ஹொட்ஸ்பொட் 84. நன்றி காக்கா. 875 மில்லிவோல்ட்டுக்கு எத்தினையில தொடங்கலாம்?

அக்கரை_காக்கா:
1,815ல தொடங்கி 15 படியா ஏத்துங்க தம்பி. மெமறியைத் தொட வேணாம், ஒரே நேரத்தில ரெண்டை மாத்தினா விழுந்தது எது எண்டு தெரியாது.