‘வீட்டுச் சபை’ குழுவில் ஒரு சனிக்கிழமை

(குழுவில் எட்டுப் பேர். நிர்வாகி பெரியப்பா. என் கைப்பேசியில் யாரை எப்படிச் சேமித்திருக்கிறேனோ அப்படியே விட்டிருக்கிறேன்.)

காலை 5:02

பெரியப்பா: [படம்: சூரிய உதயம், இரண்டு புறாக்கள், ரோஜாப்பூ] இந்த நாள் உங்களுக்கு ஜெயமான நாள்!

பெரியப்பா: வேதத்தில் “பயப்படாதே” என்ற வார்த்தை சரியாக 365 முறை வருகிறது. நாளுக்கு ஒன்று! இதை 12 பேருக்கு அனுப்புங்கள். அலட்சியம் வேண்டாம்.

பெரியப்பா: [குரல் பதிவு]

பெரியப்பா: [குரல் பதிவு]

பெரியப்பா: [படம்: நீர்வீழ்ச்சி]

அம்மா: ஆமென்

பெரியம்மா: ஆமென்

அக்கா: ஆமென்

அத்தான்: ஆமென். வேலையில் இருக்கிறேன், அப்புறம் கேட்கிறேன்.

காலை 8:20

நான்: பெரியப்பா, ஸ்தோத்திரம். ஒரு சின்ன விண்ணப்பம். இந்த வாரம் எனக்கு இரவுப் பணி என்று சொல்லியிருந்தேன். கைப்பேசியை அதிர்வில் போட்டுப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். ஒரு தாத்தாவின் கையில் நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் விடாமல் துடித்தது. விடிவதற்கு முன்னால் குடும்பக் குழுவில் அடுத்தடுத்துச் செய்தி வந்தால் எனக்கு என்ன தோன்றும்? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து இன்னும் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை. எடுத்துப் பார்க்கும்வரை கை நடுங்கியது. பார்த்தால் “பயப்படாதே” என்று இருக்கிறது.

தம்பி: ஹா ஹா ஹா

அக்கா: சிரிக்காதேடா. பாவம் அவள்.

பெரியப்பா: மகளே, மன்னித்துக்கொள். ஆனால் கர்த்தருடைய வார்த்தைக்கு நேரம் காலம் உண்டா? தாவீது அதிகாலையில் எழுந்து துதித்தானே.

தம்பி: துதித்தார் பெரியப்பா. யாருக்கும் அனுப்பவில்லை.

அப்பா: டேய்.

தம்பி: இல்லை அப்பா, வேதத்திலேயே இருக்கிறது. நீதிமொழிகள் 27:14. “ஒருவன் அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்.”

(இதற்குப் பிறகு குழுவில் ஆறு நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. எல்லோருடைய வீட்டிலும் வேதாகமம் புரண்டுகொண்டிருந்தது.)

பெரியப்பா: நீயே எழுதிச் சேர்த்தாயா?

அப்பா: அண்ணா, இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன். இத்தனை வருடமாக எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று!

அப்பா: அடுத்த வசனம் அதைவிட அருமை. “அடைமழைநாளில் ஓயாத ஒழுக்கும் சண்டைக்காரியான ஸ்திரீயும் சரி.” சாலொமோன் அனுபவித்து எழுதியிருக்கிறார்.

அம்மா: யாரைச் சொல்கிறீர்கள்?

அப்பா: சாலொமோனின் வீட்டைச் சொன்னேன்.

அம்மா: அப்படியே ஒரு அதிகாரம் பின்னால் திருப்புங்கள். 26:14. “கதவு கீல்முளையில் ஆடுகிறதுபோல, சோம்பேறியும் தன் படுக்கையில் ஆடிக்கொண்டிருக்கிறான்.” இவர் இப்போது எங்கிருந்து இதையெல்லாம் அனுப்புகிறார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அக்கா: சொல்ல வேண்டாம் அம்மா, தெரியும்.

தம்பி: அப்பா கீல்முளை.

அப்பா: மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அம்மா: மாத்திரை போடச் சொன்னார். நடக்கச் சொன்னார். ஓய்வு இவர் சேர்த்துக்கொண்டது.

காலை 8:51

அத்தான்: இப்போதுதான் கணினியை மூடினேன். பெரியப்பா, அந்த 365 கணக்கு யார் எண்ணியது?

பெரியப்பா: எல்லோரும் சொல்கிறார்களே மாப்பிள்ளை. பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன்.

தம்பி: செயலியில் தேடிப் பார்த்தேன். “பயப்படாதே”, “பயப்படாதிருங்கள்” இரண்டையும் கூட்டினாலும் 365-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் எண்ணிக்கை மாறும், அது வேறு. அப்புறம் லீப் வருடத்தில் பிப்ரவரி 29 அன்று என்ன செய்வது? அன்றைக்கு மட்டும் பயப்படலாமா?

பெரியப்பா: எண்ணிக்கை தப்பாகவே இருக்கட்டும். சொல்கிற செய்தி நல்லதுதானே?

அக்கா: நல்லதுதான் பெரியப்பா. நல்ல செய்திக்கு எதற்குப் பொய்க் கணக்கு? அதுவும் “12 பேருக்கு அனுப்பு, அலட்சியம் வேண்டாம்” என்று கீழே போட்டால், பயப்படாதே என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது.

பெரியம்மா: இதைத்தான் நானும் சொன்னேன். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

அத்தான்: படங்களில் பார்த்ததையும் வேதத்தில் படித்ததையும் நாம் எல்லோருமே கலந்துதான் வைத்திருக்கிறோம். நேற்றுப் பையன் கேட்டான், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயர் என்ன என்று. மத்தேயு 2-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். ராஜாக்கள் என்றே இல்லை, சாஸ்திரிகள். மூன்று என்றும் இல்லை. காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்ததும் ஒரு வீட்டுக்குள். மாட்டுத் தீவனத் தொட்டியான முன்னணை லூக்காவில் மேய்ப்பர்கள் பார்த்தது. மேடை நாடகத்திலும் வாழ்த்து அட்டையிலும் எல்லோரையும் ஒரே கொட்டகையில் நிற்க வைத்துவிட்டோம்.

தம்பி: ஆதியாகமத்தில் ஆப்பிளும் கிடையாது. கனி, அவ்வளவுதான். யோனாவை விழுங்கியது “ஒரு பெரிய மீன்”.

அப்பா: தமஸ்கு போகும் வழியில் சவுல் குதிரையிலிருந்து விழுந்தது மட்டும் நிஜம்.

தம்பி: அப்போஸ்தலர் 9-இல் குதிரையே இல்லை அப்பா.

அப்பா: என்ன உளறுகிறாய்? நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மா: தமஸ்கு வழியில் நின்று பார்த்தாரா என்று கேள்.

அப்பா: படத்தில் பார்த்தேன்.

அத்தான்: மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1601 வாக்கில் வரைந்த ஓவியத்தில் முக்கால்வாசி இடத்தைக் குதிரைதான் அடைத்துக்கொண்டிருக்கும். சவுல் கீழே கிடப்பார். அதைப் பார்த்தவர்கள் குதிரையை மறக்க முடியாது.

அப்பா: கேட்டாயா? மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

(அத்தான் சொன்னது வேதத்தில் இல்லாத குதிரை எல்லோர் மனதிலும் எப்படி வந்தது என்பதற்கான காரணம். அப்பா அதை வெற்றியாக எடுத்துக்கொண்டார். யாரும் திருத்தவில்லை.)

காலை 9:10

பெரியப்பா: சரி, அதெல்லாம் இருக்கட்டும். நாளை ஆராதனைக்கு எல்லோரும் வருகிறீர்கள்தானே?

நான்: நாளையும் எனக்குப் பணி, பெரியப்பா. இரவு முடிந்து வருவதற்குள் ஆராதனை பாதி போயிருக்கும். வந்து தூங்கத்தான் உடம்பு கேட்கும்.

பெரியப்பா: ஓய்வு நாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக என்று கட்டளை இருக்கிறதே அம்மா.

அத்தான்: பெரியப்பா, கட்டளையை முழுக்கப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. யாத்திராகமம் 20:10 நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசலில் இருக்கிற அந்நியன் என்று ஒரு பட்டியலே போடுகிறது. வேலை வாங்குகிறவன் மற்றவர்களையும் ஓயவிடு என்பதுதான் அதில் பாதி. என் மேலாளரின் மேசையில் ஒட்டலாம் போலிருக்கிறது.

தம்பி: கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு விடுமுறைச் சட்டம் போட்டபோதும் நீதிபதிகளுக்கும் நகரத்தாருக்கும் பட்டறைகளுக்கும்தான் ஓய்வு. விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. விதைப்புக்குப் பருவம் தவறினால் போயிற்று என்று சட்டத்திலேயே காரணம் சொல்லியிருந்தார்.

நான்: எங்கள் வார்டும் அப்படித்தான். காய்ச்சலுக்கு ஞாயிறு தெரியாது.

பெரியப்பா: உன் வேலையை நான் தப்பு சொல்லவில்லை. இயேசுவே ஓய்வுநாளில் சுகமாக்கினார். மாப்பிள்ளைக்குத்தான் கேட்கிறேன். கணினிக்கு என்ன காய்ச்சல்?

அத்தான்: லூக்கா 14:5, பெரியப்பா. ஓய்வுநாளில் மாடு குழியில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று அவரே கேட்டார். எங்கள் சர்வர் போன ஞாயிறு விழுந்தது.

அக்கா: அதற்கு முந்தின ஞாயிறும் விழுந்தது. அதற்கு முந்தினதும். ஒரே மாடு வாராவாரம் ஒரே குழியில் விழுந்தால், மாட்டைத் தூக்குகிறவனுக்கு ஜெபிப்பதா, குழியை மூடச் சொல்வதா?

அத்தான்: குழியை மூட நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை.

பெரியம்மா: ஐயோ பாவம்.

அக்கா: பாவம் இல்லை பெரியம்மா. எப்போதாவது ஆராதனைக்கு வந்தாலும் பிரசங்கம் தொடங்கியவுடன் தலை சாய்ந்துவிடும். பின் வரிசைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தம்பி: அத்தானுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஐத்திகு, அப்போஸ்தலர் 20. பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்து செத்தே போனான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார், உயிர் வந்தது. அதற்கப்புறமாவது பிரசங்கத்தை முடித்தாரா? திரும்ப மேலே ஏறி விடியும்வரை பேசினார்.

அப்பா: அதுதான் ஊழிய வைராக்கியம்.

அத்தான்: நான் தரைத்தளத்தில்தான் உட்காருகிறேன் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

காலை 9:32

பெரியப்பா: மகளே, தூங்கிவிட்டாயா? ஒன்று கேட்க வேண்டும். நான் அனுப்புவது யாருக்குமே வேண்டாமா? வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன். எனக்குக் கோபம் இல்லை.

நான்: தூங்கவில்லை, பெரியப்பா. நிறுத்தச் சொல்லவே இல்லை. நேரத்தை மாற்றத்தான் சொல்கிறேன்.

நான்: அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. நரம்பு கிடைத்து மருந்து ஏறின பிறகும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கிறிஸ்தவர்தான், தலையணைக்குக் கீழே வேதாகமம் இருந்தது. கண்ணாடி வீட்டில். ஏதாவது வாசி அம்மா என்றார். விளக்கைப் போட்டால் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிடுவார். மனப்பாடமாக என்ன தெரியும் என்று யோசித்தேன். “இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை” வந்தது. சங்கீதம் 121. அதை எங்கே படித்தேன் தெரியுமா? போன வாரம் நீங்கள் அனுப்பிய படம். பின்னால் மலை, ஓரத்தில் ஏனோ ஒரு முயல்.

பெரியப்பா: முயல் நானே சேர்த்தது.

நான்: அவர் அதைக் கேட்டுவிட்டு, “அவர் தூங்கவில்லை, நீயும் தூங்கவில்லை, நான் மட்டும் தூங்கட்டுமா” என்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

அம்மா: கர்த்தர் நல்லவர்.

தம்பி: சின்ன அக்காவுக்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது. 134. மூன்றே வசனம். “இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே” என்று தொடங்கும். இரவுப் பணிக்காரர்களுக்கான பாட்டு.

பெரியப்பா: எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?

நான்: நாலு மணிக்கு.

பெரியப்பா: சரி. இனி சாயங்காலம் நாலரைக்கு அனுப்புகிறேன். ஒரே ஒரு படம். வசன எண்ணைச் சரிபார்த்து அனுப்புகிறேன். குரல் பதிவைக் குறைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா: எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா: நீ போய்ப் படு. சங்கீதம் 127:2. “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்.”

அம்மா: அந்த வசனத்தை இந்த வீட்டில் ஒருவர் மட்டும் எப்போதும் கடைப்பிடிக்கிறார்.

அப்பா: மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்படுகிறாய்.

அக்கா: அப்பா, வேண்டாம். போய்விடுங்கள் அங்கிருந்து.

அம்மா: இருக்கட்டும், நானே பதில் சொல்கிறேன். பரபரப்பாய் வேலை செய்த மார்த்தாளை இயேசு கடிந்துகொண்டார், உட்கார்ந்து கேட்ட மரியாளைப் பாராட்டினார், சரி. அந்த வீட்டில் லாசரு என்று ஒரு அண்ணனோ தம்பியோ இருந்தானே, லூக்கா 10-இல் அவன் பெயரே இல்லை. வேலை நேரத்தில் ஆண்கள் காணாமல் போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. யோவான் 12:2-ஐப் பாருங்கள். அவன் செத்து நாலு நாள் கழித்து உயிரோடு வந்த பிறகு ஒரு விருந்து. “மார்த்தாள் பணிவிடைசெய்தாள்”, லாசரு பந்தியில் உட்கார்ந்திருந்தான். கல்லறைக்குப் போய்த் திரும்பி வந்தும் ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

தம்பி: அம்மா!!!

பெரியம்மா: இதைப் பெண்கள் கூட்டத்தில் நீ பேச வேண்டும்.

அம்மா: இன்னும் முடியவில்லை. இயேசுவும் உயிர்த்தெழுந்தார். யோவான் 21. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காத சீஷர்கள், விடிந்ததும் அவர் சொன்ன பக்கம் வலை போட்டு மீனோடு கரைக்கு வந்தால், அவர் கரி நெருப்பு மூட்டி மீனையும் அப்பத்தையும் தயாராக வைத்துவிட்டு, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். உயிர்த்தெழுந்தவர்களில் ஒருவன் பந்தியில் உட்கார்ந்தான், ஒருவர் அடுப்பு மூட்டினார். இவர் யாரைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

(அப்பாவின் பெயருக்குக் கீழே “தட்டச்சு செய்கிறார்” என்று வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.)

அத்தான்: மாமா, சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் இருந்தார், 1691-இல் காலமானார். சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஆனாலும் பதினைந்து வருடம் அங்கேதான் வேலை. பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஜெபத்தில் முழங்காலில் இருப்பது போலவே தேவனோடு இருக்கிறேன் என்று சொன்னவர்.

அப்பா: அவர் துறவி, மாப்பிள்ளை. வைத்த பொருளை இடம் மாற்றி வைக்க அவருக்கு யாரும் இல்லை.

அம்மா: தொட்டியில் நேற்றுப் பாத்திரமும் கிடக்கிறது.

அப்பா: போகிறேன், போகிறேன். நார் எங்கே இருக்கிறது?

அம்மா: எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அப்பா: தெரிந்தால் கேட்பேனா? குழுவில் யாருக்காவது தெரியுமா?

தம்பி: குழாய்க்கு இடது பக்கம், அப்பா. நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது.