ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லுக்கு சீலன்ட்: எங்கள் வீட்டு அனுபவம்

மூத்தவளுக்கு ஒன்பது வயதில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து வயதில் ஒரு ராத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "இது பால் பல் இல்லம்மா, ஆறு வயசுலயே முளைச்ச நிரந்தரப் பல்" என்றார். ரூட் கெனால் வரை போயிற்று. எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் இது பாட்டுக்கு முளைத்துவிடுகிறது. அது எனக்குத் தெரிந்திருந்தால் பிள்ளை அவ்வளவு வலி பட்டிருக்க மாட்டாள்.

அதனால் சின்னவனுக்கு ஆறு வயது பிறந்ததிலிருந்து வாராவாரம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் கடைவாய்ப் பற்கள் நாலும் முழுசாக வெளியே வந்ததும் சீலன்ட் போடக் கூட்டிப்போனேன். சொத்தை வராமல் பல்லின் மேல் பூசும் மெல்லிய பூச்சு அது. டாக்டர் சின்னக் கண்ணாடியில் காட்டினார். பல்லின் மேல் காய்ந்த வயல் வெடித்தது மாதிரி கோடுகள். பிரஷ்ஷின் நாரைவிடக் குறுகலான இடுக்குகள் அவை. எவ்வளவு தேய்த்தாலும் அடிவரை போகாதாம். பிஸ்கட் மாவு தங்குவது அங்கேதான்.

ஊசி இல்லை, குடைவதும் இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, ஒரு ஜெல்லைத் தடவி, அரை நிமிடத்துக்குள் கழுவி, காற்றடித்துக் காய வைத்தார். பளபளவென்று இருந்த பல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தது. ஜெல்லில் இருக்கும் அமிலம் பல்லின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறது, சீலன்ட் பிடித்துக்கொள்வது அதில்தான் என்று விளக்கினார். பிறகு வெள்ளையாக ஒரு சொட்டு விட்டு, இடுக்குகளில் ஓட வைத்து, நீல விளக்கை 20 விநாடி காட்டினார். அவ்வளவுதான், இறுகிவிட்டது. வீட்டுக்கு வந்து "கடிச்சா உயரமா இருக்கும்மா" என்றான். இரண்டே நாளில் சரியாயிற்று.

இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு சொத்தை இல்லை. கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் 80 சதவீதத்தை முதல் 2 ஆண்டுகள் சீலன்ட் தடுக்கும், 4 ஆண்டுகள் வரைகூட 50 சதவீதத்தைத் தடுக்கும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டவர்கள் எழுதுங்கள்.

பதில் 1

அக்கா, எங்களுக்கு நாலே மாதத்தில் ஒன்று பெயர்ந்துவிட்டது. பல் பாதிதான் வந்திருந்தது, பின்பக்கம் ஈறு மூடியிருந்தது. நான்தான் அவசரப்பட்டுப் போடச் சொன்னேன். வேறு டாக்டர் பார்த்துவிட்டு, ஈரம் பட்டால் சாதாரணமாகப் போடும் ரெசின் சீலன்ட் ஒட்டாது என்று சொல்லி, ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற வேறு பூச்சை அப்போதைக்குப் போட்டார். பல் முழுதாக வந்த பிறகு ரெசின் சீலன்ட் போட்டோம். இன்றும் அப்படியே இருக்கிறது.

பதில் 2

நான் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். தங்கை சொன்னது சரி. ஜெல்லைக் கழுவிய பிறகு ஒரு துளி எச்சில் பட்டாலும் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். பஞ்சு உருளையும் எச்சில் உறிஞ்சும் குழாயும் வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். பிள்ளை நாக்கை அசைக்காமல் இருக்க, வீட்டிலேயே வாயைத் திறந்து இருபது வரை எண்ணிப் பழக்கிக் கூட்டி வாருங்கள், எங்களுக்குப் பெரிய உதவி. இன்னொன்று: சீலன்ட் கடிக்கும் பரப்பை மட்டும்தான் மூடும். இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் சொத்தையை அது தடுக்காது. ஃப்ளூரைடு பேஸ்டில் இரண்டு வேளை தேய்ப்பதை விடவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால், ஓரம் தேய்ந்திருந்தாலும் அங்கே மட்டும் திரும்பப் பூசிவிடலாம்.

முதலில் எழுதியவர்

நன்றி இருவருக்கும். மூத்தவளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, அடுத்த கடைவாய்ப் பல் வருகிற வயது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன், கீழே வலப்பக்கம் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிகிறது.