ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு நரம்பு-உளவியல் நார்ம்: நாடுவாரியாகவா, மொழிக்கு ஒன்றாகவா?

கேள்வி – நினைவுத்தடம்
6 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கு வாய்மொழி நினைவு, சொல்சரளம் (குறித்த நேரத்தில் எத்தனை சொற்கள் சொல்ல முடிகிறது), கவனம் ஆகிய தேர்வுகளுக்கு நார்ம் (ஒத்த குழந்தைகள் வழக்கமாக எடுக்கும் மதிப்பெண்களின் ஒப்பீட்டு அட்டவணை) போடும் திட்டம். மெக்சிகோ, பெரு, பராகுவே மூன்றிலும் தரவு எடுக்கப்படும். மூன்றையும் சேர்த்து ஒரே அட்டவணை போடலாமா? வயதுக்கு எத்தனை பேர் வேண்டும்? ஆங்கிலத் தேர்வின் நல்ல மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் போதுமா?

பதில் – எச்சம்_இசட்
எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். பழைய முறைப்படி 10 வயதுகள் × 2 பாலினம் × 2 பெற்றோர் கல்வி நிலை = 40 கட்டங்கள். கட்டத்துக்கு 50 பேர் என்றால் நாட்டுக்கு 2,000. அவ்வளவு பேரைச் சேர்த்தாலும், ஒரு கட்டத்தின் 5ஆம் சதமானம் (100இல் 5 பேர் மட்டுமே அதற்குக் கீழே இருக்கும் மதிப்பெண்) இரண்டு மூன்று குழந்தைகளின் தலையில்தான் நிற்கும். நமக்கு முக்கியமான முடிவுகளோ அந்தக் கீழ்முனையில்தான் எடுக்கப்படுகின்றன.

அதனால் ரிக்ரெஷன் (எல்லோருடைய தரவையும் சேர்த்து ஒரே கணிப்புச் சமன்பாடு போடுவது) வழியே மேல். வயது, வயதின் வர்க்கம், பாலினம், பெற்றோர் இருவரின் கல்வியாண்டுகளின் சராசரி ஆகியவற்றை வைத்து ஸ்கோரைக் கணியுங்கள். வயதிலிருந்து சராசரி வயதைக் கழித்த பிறகே வர்க்கம் எடுங்கள். இல்லையென்றால் வயதும் அதன் வர்க்கமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கற்பனை எண்களில் சொன்னால்: ஒரு குழந்தைக்குக் கணிப்பு 24, எடுத்தது 17, எச்சத்தின் (எடுத்ததற்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசம்) திட்டவிலக்கம், அதாவது சிதறலின் அளவு, 5. இசட் (எச்சம் ÷ திட்டவிலக்கம்) = −7/5 = −1.4, அதாவது ஏறத்தாழ 8ஆம் சதமானம்.

பலர் சறுக்குவது திட்டவிலக்கத்தில். சிறு பிள்ளைகளின் ஸ்கோர் ஒரு அளவில் சிதறும், பெரிய பிள்ளைகளுடையது வேறு அளவில் சிதறும். கணிப்பு மதிப்புகளை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து எச்சங்களின் பரவலை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் ஒவ்வொரு கால்பகுதிக்கும் தனித் திட்டவிலக்கம் வேண்டும். எச்சம் இயல்பு வளைவில் (மணி வடிவப் பரவலில்) விழாவிட்டால் இசட்டை அட்டவணையில் பார்க்காமல், மாதிரியின் சொந்த எச்சப் பரவலிலிருந்தே சதமானத்தை எடுங்கள். பெரிய பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கும் தேர்வில் இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

ஒரே அட்டவணையா என்பதைத் தரவே சொல்லும். நாடு × வயது, நாடு × கல்வி ஊடாட்டங்களைச் (வயதின், கல்வியின் விளைவு நாட்டுக்கு நாடு மாறுகிறதா என்று காட்டும் உறுப்புகளை) சமன்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். 2017இல் வெளியான குழந்தைகளுக்கான பெரிய நார்ம் தொகுப்பில் 6–17 வயதுக் குழந்தைகள் 4,373 பேர். லத்தீன் அமெரிக்காவில் 9 இடங்கள், கூடவே ஸ்பெயின். அதில் நாடுவாரியாகத்தான் நார்ம் தந்தார்கள். என் கட்சியும் அதுவே.

பதில் – சொற்குவியல்
மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. எழுத்துச் சரளத்தில் (ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் தேர்வு) ஆங்கிலத்தின் எஃப், ஏ, எஸ் மூன்றையும் அப்படியே எடுத்தால் தொல்லை. உங்கள் மூன்று நாடுகளிலும் எஸ், இசட், மென்மையான சி மூன்றுக்கும் ஒரே ஒலி. "எஸ்ஸில் தொடங்கும் சொல்" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை "சபாத்தோ", "சியேலோ" என்று சொல்லும். எழுத்தில் முன்னது இசட், பின்னது சி. அதைத் தவறு என்று போட்டால் நீங்கள் அளப்பது எழுத்துக்கூட்டல், சரளம் அல்ல. ஏ எழுத்திலும் இதே கதை, ஏனென்றால் ஸ்பானிஷில் எச் ஒலிக்காது. பி (P), எம், ஆர் மூன்றும் ஸ்பானிஷில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை, அவற்றை எடுங்கள்.

எண் வரிசை நினைவிலும் கவனம். 1 முதல் 9 வரை ஸ்பானிஷில் ஆறு எண்கள் ஈரசை. ஆங்கிலத்தில் "செவன்" (7) ஒன்று மட்டும்தான். சொல்ல நேரம் கூடும், நினைவில் நிற்கும் நீளம் குறையும். ஆங்கில நார்மில் வைத்தால் நல்ல பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும்.

படத்துக்குப் பெயர் சொல்லும் தேர்வு, நினைவுக்கான சொல்பட்டியல்: உறிஞ்சுகுழலுக்கு மெக்சிகோவில் "போப்போத்தே", பெருவில் "சோர்பெத்தே", ஸ்பெயினில் "பஹித்தா". ஏற்கத்தக்க விடைகளை நாடுவாரியாக முன்கூட்டியே எழுதி வையுங்கள். இன்னொன்று: பட்டியலில் விலங்குப் பெயர்கள் இருந்தால், தாமத நினைவுக்கான (பட்டியலைப் பிறகு மீண்டும் சொல்லச் சொல்வது) 20–30 நிமிட இடைவெளியில் விலங்குச் சரளம் (விலங்குப் பெயர்களை அடுக்கச் சொல்லும் தேர்வு) வைக்காதீர்கள். புதிதாகச் சொன்ன பெயர்கள் பழைய பட்டியலுக்குள் புகுந்துவிடும். அந்த இடைவெளியில் சொல் இல்லாத வேலை கொடுங்கள்.

நினைவுத்தடம்
மிக உதவியாக இருந்தது, நன்றி. யாரை விலக்குவது? பராகுவேயில் வீட்டில் குவாரனி (அங்குள்ள பழங்குடி மொழி) பேசும் பிள்ளைகளை என்ன செய்வது?

பதில் – எச்சம்_இசட்
வலிப்பு, தலைக்காயம், நரம்பு நோய் உள்ளவர்களை விலக்குங்கள். அந்த 2017 தொகுப்பில், சொல் சாராத நுண்ணறிவுத் தேர்வில் 80க்குக் குறைவானவர்களையும், மனச்சோர்வு வினாப்பட்டியலில் 19 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களையும் சேர்க்கவில்லை. அதற்கு மேல் கழித்துக்கொண்டே போனால் பரவல் சுருங்கும். சாதாரணமாக மெதுவாகப் படிக்கும் பிள்ளைகூடக் "குறைபாடு" பக்கம் விழும். தனியார் பள்ளிகள் மட்டும் ஒப்புதல் கொடுத்தாலும் இதே சாய்வு வரும். ஆகவே அரசு, தனியார் விகிதத்தை முதலிலேயே நிர்ணயித்துவிடுங்கள்.

குவாரனி பேசும் பிள்ளைகளை விலக்கினால் மிஞ்சுவது பராகுவேயின் ஒரு துண்டு மட்டுமே. வீட்டு மொழி, பள்ளி மொழி, ஸ்பானிஷ் தொடங்கிய வயது மூன்றையும் பதிந்து, மாறியாகச் சேர்த்துப் பாருங்கள். சரளம் போன்ற சொல் சார்ந்த தேர்வுகளில் அது கணிசமாக வந்தால் தனி நார்ம். பெருவில் கெச்சுவா என்ற பழங்குடி மொழி பேசும் வீடுகளுக்கும் இதே வழி.

பதில் – சொற்குவியல்
ஒரு சேர்க்கை: வயதை முழு ஆண்டாக எழுதாமல் பிறந்த தேதியும் தேர்வுத் தேதியும் வாங்குங்கள். ஆறு வயதில் பதினோரு மாத வித்தியாசம் சின்னதல்ல. 15 வரை எடுத்த சமன்பாட்டை யாராவது 16, 17க்கு நீட்டாதபடி கணக்குத் தாளிலேயே தடை போட்டுவிடுங்கள். வர்க்க உறுப்பு உள்ள வளைவு அந்த முனையைத் தாண்டியதும் தன்பாட்டுக்குக் கீழே திரும்பிவிடக்கூடும்.