படகு இழுக்கும் வண்டிக்குக் கூடுதல் கியர் ஆயில் கூலர்: ஆலோசனை வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். மண்டபம் பகுதியில் ஃபைபர் வள்ளங்களை டிரெய்லரில் ஏற்றி, கரையிலிருந்து பட்டறைக்கும், சில வேளைகளில் தேவிப்பட்டினம், தொண்டி வரைக்கும் இழுத்துச் செல்லும் எங்கள் ஆட்டோமேட்டிக் டீசல் வண்டிக்குத் தனியாக ஒரு கியர் ஆயில் கூலர் பொருத்த விரும்புகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது தொல்லை இல்லை. கரை மணலிலிருந்து பாரத்தோடு மெதுவாக ஏறும்போதுதான் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆகாமல், அதாவது நேரடியாகப் பிணையாமல், ஆயிலைச் சூடாக்குகிறது. அந்த வேகத்தில் முன்பக்கம் காற்றும் போதிய அளவு வருவதில்லை. ஆயில் 120 டிகிரி செல்சியசைத் தாண்டினால் விரைவில் கெட்டு, கிளட்ச் தகடுகளும் சீல்களும் பாழாகும் என்பதால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரிலிருந்து வெளியேறும் ஆயிலைப் புதிய கூலர் வழியாகச் செலுத்தி, பிறகு கியர்பாக்ஸுக்குத் திருப்புவதே சரியென்று எண்ணுகிறேன். ஆனால் வண்டியின் முன்பக்கம் உள்ள ஏ.சி. கண்டென்சருக்கு (ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் பாகம்) முன்னால் வைத்தால் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும் என்பதே என் பெரிய கவலை. இக்கடற்கரையில் இதைப் பொருத்தி ஓட்டுபவர்கள், தட்டடுக்கு வகைக் கூலர் (தட்டையான தகடுகளை அடுக்கிச் செய்தது) நீடித்து உழைத்ததா, குழாய் வகையா, தனி மின்விசிறி தேவைப்பட்டதா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். சூடான கியர் ஆயிலைத் தாங்கும் ஹோஸ் (சாதாரண டீசல் ஹோஸ் இதற்கு ஆகாது) எங்கே கிடைக்கும் என்பதையும், இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ மதுரையிலோ இவ்வேலையைச் செய்து பழகிய பட்டறை உண்டா என்பதையும் அறியத் தாருங்கள்.