தோளில் வழிந்து, அக்குளில் பிடித்து, முன்னால் தூக்கும் குர்த்தி: கையாண்ட அனுபவங்கள்

(தையல் தெரிந்த ஐந்து பேர் புனைபெயரில் மாறி மாறிப் பேசுகிறார்கள்.)

இஞ்ச்டேப்:

அடிக்கடி வந்து மாட்டும் உடுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3எக்ஸ்எல் ரேயான் குர்த்தி. ஏறின வட்டக் கழுத்து, முக்கால் கை, இடுப்பிலிருந்தே சைடு ஓப்பன். ஹேங்கரில் தொங்கும்போது ஒரு குறையும் தெரியாது. போட்டால் தோள் தையல் கைப்பக்கம் வழியும், அக்குள் பிடிக்கும், முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சைடு ஓப்பன் கூரை மாதிரி விரியும். மொத்தத்தில் நைட்டி. "உடம்பைக் குறைச்சா சரியாயிடும்" என்று கூட வந்தவர் சொல்வார். வெட்டினவர் விட்ட தப்புக்கு உடம்பு என்ன செய்யும்?

ரெடிமேடில் நடு அளவு ஒன்றுக்கு பேட்டர்ன் போட்டு, அதையே நாலாபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கித்தான் 3எக்ஸ்எல் வரை கொண்டுபோவார்கள். மார்பும் வயிறும் கூடுகிற அளவுக்குத் தோள் எலும்பு கூடுவதில்லை. துணியில் மட்டும் தோளும் சேர்ந்து வளர்ந்துவிடும். இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியாசைஸ்' வேலையைத் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் கையில் எடுத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். லேபிளில் 46 என்றிருந்தால் அது உடம்பின் அளவா, துணியின் அளவா என்பதுகூட கடைக்குக் கடை மாறும். அதனால் லேபிளை விடுங்கள். குர்த்தியைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். நீட்சி இல்லாத துணி என்றால் மார்பளவைவிட 2 முதல் 3 இஞ்ச் கூட இருக்க வேண்டும். சீட் (உட்காரும் பகுதியின் சுற்று) அளவில் 3 முதல் 4 இஞ்ச், ஏனென்றால் உட்கார்ந்தால் அங்கே அளவு கூடும்.

அடுத்து கண்ணாடி முன் நின்று சுருக்கங்களைப் பாருங்கள். சுருக்கம் எதை நோக்கி ஓடுகிறதோ அங்கேதான் துணி பற்றவில்லை. அக்குளிலிருந்து மார்பு முனைக்கு ஓடினால் மார்பில் இறுக்கம். வயிற்றுக்குக் குறுக்கே படுத்த கோடுகள் வந்தால் சீட்டில் இறுக்கம். கீழே இறங்க முடியாத துணி மேலே ஏறி மடிகிறது. கழுத்துக்குக் கீழே துணி தொளதொளவென்று தொங்கினால் தோள் அகலம். இந்த மூன்றும் ஒரே குர்த்தியில் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும்.

ஊசிமுனை:

தோளை முதலில் முடிங்க. உடுப்பு தொங்குறதே தோள்லேர்ந்துதான். அது நகர்ந்தா கீழே உள்ள எல்லா அளவும் நகரும். தோளைத் தொடாம சைடுல பிடிச்சு, அப்புறம் தோளையும் பிடிச்சு, கடைசியில ரெண்டையும் பிரிச்சுக்கிட்டு வர்ற குர்த்திகள் நிறைய.

உங்க தோள் 15 இஞ்ச், குர்த்தியில 17 இருக்குன்னு வைங்க. பக்கத்துக்கு 1 இஞ்ச் உள்ளே போகணும். கையை முழுசா கழற்ற வேண்டாம். தோள் தையலுக்கு முன்னால 5 இஞ்ச், பின்னால 5 இஞ்ச் மட்டும் பிரிங்க. தோள் நுனியில 1 இஞ்ச் உள்ளே சாக்பீஸ்ல குறிச்சு, அங்கேர்ந்து பிரிச்ச இடம் முடியுற வரைக்கும் வளைவா, ஒண்ணுமில்லாமப் போற மாதிரி கோடு போட்டு, அந்தக் கோட்டுல கையைத் திரும்ப ஏத்துங்க. கைத்துணி கொஞ்சம் பத்தலைன்னா இழுத்து வச்சுத் தைக்காதீங்க. இன்னும் ரெண்டு இஞ்ச் பிரிச்சு பரவலா விட்டுட்டா உட்கார்ந்துடும். ஒன்றேகால் இஞ்சுக்கு மேல உள்ளே போனா கையை முன்னால நீட்ட முடியாது, முதுகு பிடிக்கும். கை நீளமும் அதே அளவு மேலே ஏறும், அதையும் கணக்குல வைங்க.

கையைப் பிரிக்கப் பயமா இருந்தா இன்னொரு வழி. தோள் தையல்லேர்ந்து முன்பக்கம் கீழ்நோக்கி மூணு ஊசி மடிப்பு. ஒவ்வொண்ணும் அரைக்கால் இஞ்ச் மடிப்பு, அதாவது கால் இஞ்ச் துணியைத் தின்னும், மூணும் சேர்ந்து முக்கால் இஞ்ச். நாலு இஞ்ச் நீளம் தைச்சு விட்டுடுங்க. தோள் சுருங்கும், மடிப்பு முடியுற இடத்துல திறக்குற துணி மார்புக்குக் கிடைக்கும். ஒரே வேலையில ரெண்டு லாபம். பிரிண்ட் துணின்னா மடிப்பு டிசைன் மாதிரியே தெரியும். பின்பக்கமும் அதே மூணு போடணும், இல்லாட்டி தோள் தையல் முன்னுக்கும் பின்னுக்கும் பொருந்தாது.

அக்குள் பிடிக்குதுன்னு வெட்டைக் கீழே இறக்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. இறக்க இறக்க கை தூக்கும்போது மொத்த உடுப்பும் கூட ஏறும். வெட்டை அங்கேயே விட்டுட்டு, 4 இஞ்ச் சதுரத்துண்டு ஒண்ணு வைங்க. சைடு தையல் 3 இஞ்ச், கைத்தையல் 3 இஞ்ச் பிரிச்சா வைர வடிவத்துல வாய் திறக்கும். துண்டோட நாலு மூலையில ரெண்டு, பிரிச்ச தையலோட நுனிகளுக்கு. மிச்ச ரெண்டும் முன்னும் பின்னும் கை ஏத்தின தையலுக்கு. சுத்தி அரை இஞ்ச் விட்டுத் தைச்சா கையும் மார்பும் சேர்ந்தே இளகும். துண்டுக்குத் துணி? சைடு ஓப்பன் பட்டியையோ கீழ் மடிப்பையோ பார்க்காதீங்க, அது பத்தாது. கை நீளத்துல 4 இஞ்ச் குறைச்சுக்கலாம்னு இருந்தா ரெண்டு துண்டும் அதுலயே வந்துடும்.

பாபின்:

ஊசிமுனை அக்கா தோளைச் சொல்லிவிட்டார், கழுத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஏறின வட்டக் கழுத்து மார்பு கனத்தவர்களுக்கு ஏன் எடுப்பதில்லை என்றால், கழுத்தடியிலிருந்து வயிறு வரை ஒரே பரப்பாகத் துணி தெரியும். நடுவில் கொஞ்சம் தோல் தெரிந்தாலே முகம் தெளிவாகும். அதே குர்த்தி புதிதாகத் தெரிவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான்.

வட்டத்தை வி ஆக்கும் முறை. முதலில் உடுத்திக்கொண்டு, ஆழம் எதுவரை என்று சேஃப்டி பின் குத்திக்கொள்ளுங்கள். தோளின் கழுத்து முனையிலிருந்து நேர் கீழே ஆறரை முதல் 7 இஞ்ச் பெரும்பாலும் சரி. குனிந்தும் பாருங்கள். கழற்றி முன்பக்கத்தை நடுவில் மடித்து இஸ்திரி போட்டால் நடுக்கோடு கிடைத்துவிடும். வி வரைந்ததும் வெட்டக் கூடாது. கோட்டின் மேலேயே சின்னத் தையலாக, 2 மில்லிமீட்டர் நீளத்தில், ஓர் ஓட்டு ஓட்டுங்கள். வி கோடு துணியின் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாகப் போகிறது; ரேயான் கிராஸில் ரப்பர் மாதிரி. இந்த ஓட்டுத் தையல் இல்லாவிட்டால் தைத்து முடிக்கும்போது கழுத்து அரை இஞ்ச் நீண்டு, மார்புக்கு மேலே வாய் பிளந்து நிற்கும்.

பிறகு கோட்டுக்கு உள்ளே கால் இஞ்ச் விட்டு வெட்டுங்கள். வட்டக் கழுத்துக்குப் போடும் கிராஸ் பட்டி இங்கே வேண்டாம், முனையில் தடித்துக்கொள்ளும். இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, அதே வி வடிவத்தில் ஒன்றரை இஞ்ச் அகலத் துண்டு வெட்டி, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்த்துத் தையுங்கள். முனைக்கு வந்ததும் ஊசியை இறக்கி வைத்து, துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி, துணியைப் பாதி திருப்பி, குறுக்கே ஒரே ஒரு தையல், மறுபடி திருப்பி மேலே. அந்த ஒற்றைக் குறுக்குத் தையலில்தான் முனை திரும்பும்போது சுருங்காது. கத்தரியை முனைத் தையலுக்கு ஒரு நூல் பாக்கி இருக்கும் வரை கொண்டுபோக வேண்டும். தள்ளி நின்றால் முனையில் சுருக்கம். தொட்டுவிட்டால் நாலு துவைப்பில் அங்கேயே கிழியும். கடைசியாக, வெளித்துணி சேராமல், உள்துண்டையும் தையலுக்கு விட்ட கால் இஞ்சையும் மட்டும் சேர்த்துப் பிடித்து விளிம்போரம் ஓர் ஓட்டு. உள்துணி வெளியே எட்டிப் பார்க்காது.

கழுத்தில் எம்பிராய்டரி இருந்தால் வி வேண்டாம், பாதி மயிலை வெட்டிவிட்டு அப்புறம் வருத்தப்படக்கூடாது. நடுவில் 4 இஞ்ச் கீறல் திறந்து இரண்டு பட்டன் வைத்தால் ஓரளவு அதே பலன்.

கத்தரி:

சைடு ஓப்பன் விரிவது பற்றி. "ரெண்டு இஞ்ச் மூடித் தைச்சிடுங்க" என்பார்கள். சில குர்த்திக்கு அது மருந்து, சிலதுக்கு விஷம். நின்றபடி பாருங்கள். விரிசலின் உச்சியில் துணி இழுத்துக்கொண்டிருந்தால் சீட்டில் துணி பற்றவில்லை என்று அர்த்தம். அதை மூடினால் இறுக்கம் கீழே இறங்குமே தவிரப் போகாது, முதல் நாளே தையல் விடும். இழுப்பு இல்லாமல் வெறுமனே ஆடினால்தான் மூடலாம்.

இழுக்கிற குர்த்திக்கு முதலில் தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் மார்ஜின் துணி எவ்வளவு என்று பாருங்கள். ஓர் ஓரத்தில் அரை இஞ்ச் விட முடிந்தாலும் நாலு ஓரமும் சேர்ந்து 2 இஞ்ச் கிடைக்கும். இதில் இரண்டு சிக்கல். பழைய ஊசித்துளை காட்டனில் தண்ணீர் பட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், சாட்டினிலும் கிரேப்பிலும் மூடாது. பலமுறை துவைத்த குர்த்தி என்றால் உள்ளே இருந்த துணி பழைய அடர் நிறத்தோடு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை மறைக்க அதன் மேலேயே மெல்லிய லேஸ் ஓட்டலாம், சைடில்தானே.

மார்ஜினே இல்லையா? கை விளிம்பிலிருந்து அக்குள் வழியாகச் சைடு ஓப்பன் வரை ஒரே நீளப் பட்டி. 3 இஞ்ச் அகலம் வெட்டினால் இரு ஓரமும் அரை அரை தையலில் போய் 2 இஞ்ச் நிற்கும். மார்பிலும் சீட்டிலும் மொத்தம் 4, ஒவ்வொரு கையிலும் 2. அக்குள் துண்டு தனியாக வேண்டாம். பிரிண்ட் குர்த்திக்கு அதில் இருப்பதிலேயே அடர்ந்த நிறத்தில் பிளெயின் துணி எடுங்கள். முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அடர் ஓரம் பின்வாங்கி, நடுத்துணி மட்டுமே உடம்பாகத் தெரியும். வெட்டுமுன் பட்டித்துணியையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடாவிட்டால், பிறகு அது மட்டும் சுருங்கி சைடு முழுக்கச் சுருக்குப் பை ஆகிவிடும்.

பூத்தையல்:

கறுப்பு போட்டால் எல்லாம் மறையும் என்றும், குறுக்குக் கோடு கூடவே கூடாது என்றும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு சதுரத்தில் குறுக்குக் கோடு போட்டதுதான் ஒடுங்கி உயரமாகத் தெரியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியிருக்கிறார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன், உடுப்பு போட்ட உருவப் படங்களை வைத்துச் சோதித்தபோதும் குறுக்குக் கோடு ஆளை அகலமாகக் காட்டவில்லை. கோட்டைவிட, அது எங்கே வளைகிறது என்பதுதான் வேலை செய்கிறது. இறுக்கமான துணியில் குறுக்குக் கோடு வயிற்றின் மேலே வில்லாக வளைந்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

பெரிய பூ பிரிண்டில் பூ எங்கே விழுகிறது என்று பாருங்கள். வயிற்று மேட்டின் நடுவில் ஒற்றைத் தாமரை விழுகிற குர்த்தியை எந்தத் தையலாலும் காப்பாற்ற முடியாது. முன்திறந்த கையில்லா ஷ்ரக் ஒன்றை மேலே போட்டுப் பூவைப் பாதி மறைக்கலாம், அவ்வளவுதான். கறுப்பைப் பொறுத்தவரை, மங்கிய கறுப்பு ரேயானைவிட மோசமான நிறம் கிடையாது. மயில்கழுத்து நீலம், அரக்கு, கரும்பச்சை எல்லாம் அதே வேலையைச் செய்து முகத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் தரும்.

கை எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குறுக்குக் கோடு விழுகிறது. மேல்கையின் பருத்த இடத்தில் முடிக்காதீர்கள். முழங்கைக்கு ஓர் இஞ்ச் கீழே முடித்தால் முன்கையின் ஒடுங்கிய பாகம் தெரியும்.

ஊசிமுனை:

பேண்ட் விஷயம் சுருக்கமா. அகலமான குர்த்திக்குக் கீழே லெகின்ஸ் போட்டா குடையும் கம்பும். கீழ்வாய் 14, 15 இஞ்ச் வர்ற ஸ்ட்ரெய்ட் பேண்ட் நல்லது. பலாஸோ வேணும்னா குர்த்தி முழங்காலுக்கு மேலே நிக்கணும், ரெண்டும் அகலமா நீளமா இருந்தா உருவமே இருக்காது. துப்பட்டாவை ரெண்டு தோள்லயும் விரிச்சுப் போட்டா மார்புக்குக் குறுக்கே இன்னொரு அடுக்கு ஏறும். 4 இஞ்ச் அகலத்துக்கு மடிச்சு ஒரு தோள்ல பின் பண்ணி நேரா விட்டுடுங்க.

அளவெடுக்குற அன்னிக்கு எந்தப் பிரா போடுறீங்களோ அதையே அந்த உடுப்புக்கும் போடணும். தளர்ந்த ஸ்ட்ராப்ல மார்பு முனை ஒரு இஞ்ச் இறங்கினாலும் டார்ட் (மார்பு மேட்டுக்காகப் பிடிக்கிற கூர் மடிப்பு) முனை தப்பான இடத்துல கூம்பா நிக்கும். டார்ட் முனை மார்பு முனையைத் தொடவே கூடாது, கனத்த மார்புன்னா ஒன்றரை இஞ்ச் முன்னாலேயே முடிச்சிடணும்.

இஞ்ச்டேப்:

முன்பக்கம் தூக்குவதை யாரும் எடுக்கவில்லை. மார்பும் வயிறும் முன்துணியின் நீளத்தைத் தின்கின்றன, அதனால்தான் ஏறுகிறது. முன்பக்கக் கீழ்மடிப்பு 1 இஞ்ச் இருந்தால் அதைப் பிரித்து, ஒன்றரை இஞ்ச் பட்டி ஒன்றைக் கால் இஞ்ச் தையலில் சேர்த்து உள்ளே திருப்பினால் முக்கால் இஞ்ச் இறங்கும். மிச்சத்தைப் பின்பக்கத்திலும் பக்கங்களிலும் குறைக்க வேண்டியதுதான். அளவை மேலேயிருந்து எடுக்காதீர்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நிற்க வைத்து, தரையில் ஸ்கேலை நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் வேறொருவர் குறிக்க வேண்டும். நாமே குனிந்து குறித்தால் குனிந்த அளவுதான் வரும்.

இதெல்லாம் ஒருமுறை துவைத்துக் காயவைத்த குர்த்தியில் செய்ய வேண்டிய வேலை. புது ரேயான் முதல் துவைப்பிலேயே நீளத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருங்கும். அம்பர்லா கட் அனார்கலி என்றால் இன்னொன்று: கிராஸில் விழும் பாகங்கள் எடையில் இறங்கும், நேராக விழும் பாகங்கள் இறங்காது. ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிட்டுக் காலையில் கீழ் விளிம்பைப் பாருங்கள், அலையலையாக நிற்கும். அதன் பிறகுதான் கத்தரி.