பாரு என்றால் முதலை

"பாரு, பாரு" என்றார் அந்தப் பாட்டி. நானும் பார்த்தேன். கடல், வெள்ளை மணல், அலை தொட்டுப் போன ஈரம். வேறொன்றும் தெரியவில்லை. சரி, காலையாவது நனைக்கலாம் என்று இன்னும் இரண்டடி எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான் நண்பன்.

"டேய், பாரு என்றால் இவர்கள் மொழியில் முதலை."

இது நடந்தது 2023 ஜூலையில், ஆஸ்திரேலியாவின் வட முனையில் இருக்கும் ஆர்னம் லாண்டில். நண்பன் அங்கே நுலுன்பாய் என்ற ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறான். யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. நினைத்தபடி போய் இறங்க முடியாது, கடற்கரைக்குப் போகவும் பெர்மிட் வேண்டும். அவனோடு பழக்கமான ஒரு குடும்பம் எங்களை மீன் பிடிக்கக் கூட்டிப் போயிருந்தது.

பாரு கதையைச் சொன்னதும் என் சித்தப்பா வாட்ஸ்அப்பில் குமரிக்கண்டத்துக்கே போய்விட்டார். அது வெறும் ஒலி ஒற்றுமை. திராவிட மொழிகளையும் ஆஸ்திரேலிய மொழிகளையும் கால்டுவெல்லே அந்தக் காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்தவர்தான், ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. என்னை அசைத்தது வேறு.

இதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரத்துப் பக்கம் மாஸ்மன் பள்ளத்தாக்கில், கூக்கு யலஞ்சி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரோடு காட்டுக்குள் நடந்திருக்கிறேன். முதலில் புகை காட்டி வரவேற்றார். ஒரு மரத்து இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கி, நம்மூர்ப் பூந்திக்கொட்டை போல நுரை வரவழைத்தார். நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் அவர், "கொஞ்சம் சும்மா இருந்தால் காடே சொல்லும்" என்று சிரித்தார். சுற்றுலாக்காரனுக்குக் காட்ட வேண்டியதைக் காட்டினார், நானும் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். டெய்ன்ட்ரீ மழைக்காட்டுத் தேசியப் பூங்கா 2021இல்தான் அவர்கள் பேருக்கே திரும்பி வந்தது என்பதைக்கூட அறைக்குத் திரும்பித்தான் படித்தேன்.

ஆர்னம் லாண்டில் அப்படி விடவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டி நண்பனைப் பார்த்து, "இவன் யாருக்கு என்ன வேண்டும்?" என்றார். அங்கே முறை இல்லாத ஆளோடு எப்படிப் பழகுவது என்றே தெரியாது. கிண்டல் செய்யலாமா, பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, பக்கத்தில் உட்காரலாமா, எல்லாமே முறையைப் பொறுத்தது. மனிதர்கள், மரம், மீன், காற்று என்று எல்லாமே துவா, யிரிட்ஜா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. கல்யாணம் எதிர்ப் பாதியில்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னைத் தன் 'வக்கு' என்றார். ஒரு பெண் தான் பெற்ற பிள்ளையைச் சொல்லும் சொல் அது. வக்கில்லாதவன் என்று திட்டு வாங்கியே வளர்ந்தவன் நான்!

அப்படியானால் அவர் எனக்கு 'ஙாண்டி', அம்மா. ஙகரத்தை அரிச்சுவடியில் எழுதியதோடு சரி, அதில் தொடங்கும் சொல்லை வாயால் சொன்னது அன்றுதான் முதல்முறை. அவருடைய தங்கையும் எனக்கு ஙாண்டி. அவருடைய அண்ணன் 'ஙபிபி', தாய்மாமன். அப்பா 'பாப்பா' (இது மட்டும் கடைசி வரை வாயில் நுழையவில்லை). அப்பாவின் அண்ணன் தம்பிகளும் பாப்பாதான். அப்பாவின் தங்கை 'முக்குல்'. மாமாவின் மனைவி? அவரும் முக்குல், ஆனால் வேறு வகை முக்குல். நம் அத்தையேதான்! மாமன் மகள் கட்டிக்கொள்ளும் முறை.

நண்பனோடு வேலை செய்யும் மெல்பர்ன்காரர் ஒருவர் இதைச் சார்ட் போட்டு மாதக்கணக்கில் படித்தாராம். எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. இதை வைத்துப் பூர்வ உறவு என்று கதை கட்டுவதற்கில்லை. பங்காளி யார், சம்பந்தி யார் என்று பார்த்து வளர்ந்த தலைக்கு அந்தக் கணக்கு பிடிபடுகிறது, அவ்வளவுதான்.

மதியம் மாமா திருக்கை குத்திக்கொண்டு வந்தார். வேகவைத்து, சதையை உதிர்த்து, தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்து, அதன் ஈரலையே கொழுப்போடு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தார்கள். மிளகாயும் வெங்காயமும் மட்டும் இருந்திருந்தால் திருக்கைப் புட்டு. சாப்பிட்டது ஒரு புளியமரத்தடியில். அந்தக் கரைகளுக்குப் புளியைக் கொண்டுவந்தவர்கள் சுலவேசித் தீவின் மக்காசர் வியாபாரிகள். கடல் அட்டை எடுக்க டிசம்பர்க் காற்றில் பாய்மரத்தில் வந்து, காற்று திரும்பியதும் போவார்கள். 1907 வாக்கில் அரசு உரிமத்தை நிறுத்தும் வரை, தலைமுறை தலைமுறையாக இது நடந்திருக்கிறது. தின்று துப்பிய புளியங்கொட்டை மரமாகி நிற்கிறது. பணத்துக்கு யோல்ங்கு மொழியில் என்ன சொல் என்று கேட்டேன். "ருப்பியா" என்றார் மாமா. இது ஒலி ஒற்றுமை அல்ல. நம் ரூபாய்க்கு மூலமான அதே சொல்தான் கப்பலேறி அங்கேயும் இறங்கியிருக்கிறது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நானே கெடுத்தேன். பாட்டியின் போனில் ஒரு படம். யார் இது, பெயர் என்ன என்றேன். அவர் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்தார். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இறந்துபோன கணவராம். இறந்தவர் பெயரை நெடுநாள் உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயர் கொண்டவர்கள்கூட வேறு பெயரில் அழைக்கப்படுவார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன், நண்பன் தடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொரு உருண்டையை என் தட்டில் வைத்தார்.

மறுநாள் பக்கத்திலிருக்கும் யிர்கலா என்ற யோல்ங்கு ஊருக்குப் போனோம். அங்கே கலை மையத்தில், ஆளை விட உயரமான இரண்டு ஓவியப் பலகைகள், துவாவுக்கு ஒன்று, யிரிட்ஜாவுக்கு ஒன்று. 1960களின் தொடக்கத்தில் தேவாலயத்துக்காகப் பெரியவர்கள் வரைந்தவை. 1974இல் தேவாலயத்தாரே அவற்றைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள், நான்கு வருடம் கழித்துத்தான் கலை மையம் மீட்டது. தங்கள் நிலத்தில் அலுமினியத் தாதுவான பாக்ஸைட் தோண்டக் கூடாது என்று மரப்பட்டையில் மனு ஒட்டி, சுற்றிலும் ஓவியம் வரைந்து 1963இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும் இதே ஊர்க்காரர்கள். சுரங்கம் வந்துதான் தீர்ந்தது, 1971இல் வழக்கிலும் தோற்றார்கள். ஆனால் 1976இன் நில உரிமைச் சட்டத்துக்கு வழி விட்டது அந்தத் தோல்விதான். மாமா இதைச் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் வந்தது.

அங்கே நின்றிருந்தபோது ஒரு கார் வந்தது. "திரும்பு, திரும்பு" என்று பாட்டி என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பூப்போட்ட பாவாடையில் இறங்கியவர் எனக்கு முக்குல் ருமரு, மாமியார் முறை. முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. எங்கள் அப்பாயியும் மாப்பிள்ளைகள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்.

கிளம்பும் நாளில், விமான நிலையத்தில் அதே பூப்போட்ட பாவாடை எனக்கு இரண்டு பேர் முன்னால் வரிசையில் நின்றது. யாரும் சொல்லாமலே திரும்பி, சிப்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். நண்பன்தான் சொன்னான்.